ஃபிரான்சியத்துக்குக் கீழே

வேங்கிக்கால் பள்ளியொன்றின் வேதியியல் ஆய்வகச் சுவரில் தனிம அட்டவணையைப் பெயின்டில் எழுதியவர், அங்கே உதவியாளராக இருந்த இருசப்பன். சோடியம் புட்டியில், ஈரம் படாமல் காக்கும் மண்ணெண்ணெயை ஊற்ற மறந்தது சந்திரகலா டீச்சர்தான். தீப்பிடித்ததும் பழியை இருசப்பன் தலையில் போட்டாள். அவருக்கு வேலை போனது. மறு மாதமே ஆளும் போய்ச் சேர்ந்தார்.

கருமாதி முடிந்த திங்கட்கிழமை காலை, கார உலோகங்கள் இருக்கும் முதல் தொகுதியின் அடியில், ஃபிரான்சியத்துக்குக் கீழே புதிதாக ஒரு கட்டம் இருந்தது. எண் 119. அட்டவணை 118-உடன் முடிந்துவிடும் என்பது பிள்ளைகளுக்கே தெரியும். கட்டத்துக்குள் இருசப்பனின் கையெழுத்தில் 'சந்திரகலா' என்று இருந்தது. பெயின்ட் இன்னும் காயவில்லை.

"யாரு எழுதினது?"

"தெரியல மிஸ். நாங்க வரும்போதே இருந்துச்சு," என்றாள் முன்வரிசை பூஜா.

டீச்சர் விரலால் தேய்த்துப் பார்த்தாள். பெயின்ட் விரலில் ஒட்டியது; பெயர் அழியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பாடத்தை ஆரம்பித்தாள்.

"கார உலோகத்துல தண்ணி பட்டா, கீழ போகப் போக என்னாகும்?"

"வினை ஜாஸ்தியாகும் மிஸ்," என்றது வகுப்பு முழுவதும்.

தினமும் கேட்கிற சொல்தான். இன்று அவளைச் சுட்டது.

விரல் பெயின்டைக் கழுவக் குழாயைத் திறந்தாள். முதல் சொட்டு பட்டதுமே விரல் சுர்ரென்று சீறி, மஞ்சளாக ஒரு தீப்பொறி பறந்தது. சட்டென்று குழாயை மூடிவிட்டு, அலமாரியிலிருந்த மண்ணெண்ணெய் கேனைக் கவிழ்த்தாள். காலி. வாங்கச் சொல்ல இந்த முறையும் மறந்திருந்தாள்.

மணி அடித்தது.

"மிஸ், மலை மேல மழை இறங்குது," என்றாள் பூஜா. "குடை கொண்டாந்தீங்களா?"