வசீலாவின் குரல்

ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் பள்ளி ஆசிரியை வசீலாவின் கழுத்திலிருந்து தைராய்டை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. புற்று போய்விட்டது என்றார்கள். அதோடு அவள் குரலும் போனது. கடைசி பெஞ்சு வரை கேட்ட குரல், இப்போது கரகரவென்று தொண்டையிலேயே நின்றுவிடும். தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை. எவ்வளவு தூங்கினாலும் தீராத அசதி. பார்க்க வருகிற சொந்தக்காரர்களோ, "புற்றுநோயிலேயே நல்லதாப் பார்த்து உனக்கு வந்திருக்கு, அதிர்ஷ்டக்காரி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவள் கூடத்தில் படுத்திருந்தாள். முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்த கணவன் மொன்சிஃப், "வர்றேன், வர்றேன்! ஊரையே கூட்டிடுவ போலிருக்கே!" என்று கத்தினான். ஈரக்கையோடு ஓடிவந்தவனின் முகமெல்லாம் சிரிப்பு.

"வசீலா, உன் குரல் திரும்பிடுச்சு!"

"நான் கூப்பிடவே இல்லையே" என்றாள் அவள், கரகரப்பாக.

அவன் சிரிப்பு நின்றது. அப்போது சமையலறையிலிருந்து அவளுடைய பழைய குரல் கணீரென்று கேட்டது.

"மொன்சிஃப், உப்பை எங்கதான் வச்சுத் தொலைச்ச?"

வசீலா பயப்பட முயன்று பார்த்தாள். அதற்கும் தெம்பில்லை.

"போய் எடுத்துக் கொடு. இன்னிக்கு கூஸ்கூஸை அவளே செய்யட்டும்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் தயங்கித் தயங்கிப் போனான். வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. கொஞ்ச நேரத்தில், இரண்டு பேர் சிரிக்கும் சத்தமும் வந்தது.