பேய் வீட்டு விதி

"அக்கா, அந்தம்மா இன்னிக்கும் வந்துட்டாங்களா?"

முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டபடி கேட்டான், பொருட்காட்சிப் பேய் வீட்டில் பேயாக வேலை பார்ப்பவன்.

"வந்தாச்சு. இப்பத்தான் டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்தேன்" என்றாள் டிக்கெட் அக்கா.

"என் மானமே போகுதுக்கா. நான் உறுமக்கூட இல்ல, அதுக்குள்ள 'போதும்'னுடறாங்க. பேய்க்குன்னு ஒரு மரியாதை வேண்டாமா?"

பயம் தாங்காதவர்கள் 'போதும்' என்றால், பேய் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். அந்த வீட்டின் விதி அது. வாசலில் பெரிதாக எழுதிப் போட்டிருந்தார்கள்.

"பயந்த சுபாவம் போலிருக்கு. விடுடா, பாவம்."

"பயந்தவங்க எதுக்குக்கா தினம் வரணும்?"

முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய் இருட்டு மூலையில் நின்றான். காலடிச் சத்தம் கேட்டதும் கைகளை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான்.

"போதும்."

சட்டென்று நின்றான். அவள் குரலில் துளி நடுக்கம் இல்லை. ஏதோ பாரம் இறங்கியது போல மூச்சு விட்டாள். அவனுக்குப் பொறுக்கவில்லை. முகமூடியைக் கழற்றினான்.

"ஏம்மா, இவ்வளவு பயம்னா எதுக்குக் காசு குடுத்து வர்றீங்க?"

"உங்களைப் பார்த்து எனக்கென்ன பயம் தம்பி?"

சிவப்பு விளக்கின் வெளிச்சம் முகத்தில் விழுவதைக் கவனித்தவள், வீங்கியிருந்த கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"வீட்டுலயும் இதே வார்த்தையைத்தான் சொல்றேன். சொன்ன உடனே நிறுத்துறது நீங்க ஒருத்தர்தான்."