இளகாத முடிச்சு

பிப்ரவரியில் பூச்சித் தூண்டிலோடு ஆற்றில் இறங்கி நின்று ட்ரவுட் மீன் பிடிக்க வருகிறவர்கள் எங்கள் ஆற்றோர விடுதிக்குள் நுழைந்ததும் பூட்ஸைக் கழற்ற முடியாது. தண்ணீரைவிட்டுக் கரையேறியதுமே பூட்ஸ் கயிறு கல்லாக உறைந்துவிடும். கணப்பின் முன்னால் காலை நீட்டி, முடிச்சு இளகும்வரை சூப் குடிப்பார்கள். இந்த மொண்டானா மாநிலத்தில் எங்கேயும் இப்படித்தான்.

நேற்று மாலை கடைசியாக வந்து உட்கார்ந்தவர் ஆர்வில். வருடாவருடம் மனைவியோடு வருகிறவர்.

"என்ன ஆர்வில், இந்தத் தடவையும் மீனெல்லாம் உங்க பூச்சியைப் பாத்துச் சிரிச்சுட்டுப் போயிடுச்சா?" என்றேன்.

"சிரிச்சாக்கூடப் பரவாயில்ல. திரும்பியே பாக்கல."

மற்றவர்களின் காலடியில் தண்ணீர் தேங்கியது. பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். ஆர்விலின் காலடியில் தரை காய்ந்தே இருந்தது. தாடியில் ஒட்டியிருந்த பனியும் உருகவில்லை. நான் விறகு போட்டேன். அவர் மனைவி லொரேன் வெந்நீர் கொண்டுவந்து முடிச்சின் மேல் ஊற்றினார். ஊற்றிய இடத்திலேயே அது உறைந்தது.

லொரேன் மண்டியிட்டு அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டார்.

"ஆர்வில், நீ எப்போ கரையேறின?"

"இன்னும் ஏறலையே" என்றார் அவர், சங்கடத்தோடு. "கூப்பிட்டுப் பாத்தேன். யாருக்கும் கேக்கல போல."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் விளக்கோடு ஆற்றுக்கு ஓடினார்கள். லொரேன் கையை எடுக்கவில்லை. நான் அடுத்த கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கணப்பில் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

ஆற்றுப் பக்கமிருந்து "கிடைச்சுட்டார்!" என்று ஒரு குரல் கேட்டது. அப்போது ஆர்விலின் தாடியிலிருந்து முதல் சொட்டு விழுந்தது.