சிங்கப்பூர் மியூசியக் கேசட்

தெருவில் வாடகை டிவியில் படம் போடுவதற்கு முன்னால், சிங்கப்பூர் மியூசியத்தில் வாட்ச்மேனாக இருக்கும் சண்முகையா, தான் கொண்டுவந்த கேசட்டை டெக்கில் தள்ளுகிறார். முதலில் ஒரு வெள்ளை அறையில் வெறும் கயிறுகள் தொங்குகின்றன. "இது இந்தக் காலத்துக் கலை" என்கிறார். "கயித்துக் கடைன்னுல்லா நெனச்சேன், அண்ணாச்சி" என்று ஒருவன் சொல்ல, தெருவே சிரிக்கிறது. அடுத்து பாலித் தீவு ஆட்டம். வெண்கலத் தாளங்கள் அதிர, கோரைப்பல்லும் முழ நீள நாக்குமாய் ஒரு முகமூடி வருகிறது. அதன் முன்னால் ஆண்கள் அருள் வந்து நடுங்கி, குத்துவாளைத் தங்கள் நெஞ்சிலேயே அழுத்துகிறார்கள். சிரிப்பு நின்றுபோகிறது. ஒருத்தி குலவை போடுகிறாள். இன்னொருத்தி டிவி முன்னால் சூடம் கொளுத்துகிறாள். நீல வெளிச்சத்தில் ஆவுடைத்தாயின் வலது கால் தானாகத் தாளம் தட்டுகிறது. போன வருசம் கோயில் கொடைத் திருவிழாவில் அவளுக்குச் சாமி வந்ததும் இப்படித்தான் தொடங்கியது. "ஏட்டி, பயமா இருக்கு. காலு நிக்க மாட்டேங்கு" என்று தோழி முத்துப்பேச்சியின் காதில் சொல்கிறாள். "நான் அது மேல உக்காந்துக்கிடுதேன். ஒன் மாமியா கண்டுட்டா சோலி முடிஞ்சுது." காலையில் கல்யாணம் பேசி அவளுக்குப் பூ வைக்க சிவகிரியிலிருந்து வந்த வருங்கால மாமியார், "சாமியாடுத பிள்ள எங்க வீட்டுக்கு ஆகாது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது இரண்டு பாய் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஆவுடைத்தாய் மெல்ல அந்தப் பக்கம் திரும்புகிறாள். மாமியார் டிவியைப் பார்க்கவில்லை, இவளையும் பார்க்கவில்லை. சேலைக்கரையை இழுத்து மூடியும் அடங்காத தன் பாதத்தை இரண்டு கைகளாலும் அமுக்கிக்கொண்டிருக்கிறாள்.