ஒரே ஒரு ஆட்சேபணை

"சார், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். நாளைக்கு ஒரு நாள் மட்டும் வாயைத் திறக்காதீங்க!"

நேற்று சரித்திரப் பேராசிரியரின் அறைக்கே போய் இப்படிக் கேட்டாள் நீரியல் துறைத்தலைவி. பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'ஆட்சேபணை'தான். எந்தக் கூட்டத்திலும் எதையாவது ஒன்றை ஆட்சேபிக்காமல் எழுந்தவரில்லை மனிதர்.

"பார்க்கலாம்மா" என்று சிரித்து வைத்தார்.

இன்று ஐந்தாண்டுத் திட்டக் கூட்டம். எதற்கு முன்னுரிமை என்று முடிவாகும் நாள். தலைவியான பிறகு அவளுக்கு இதுதான் முதல் கூட்டம். ஆற்றோரத் தெருக்களுக்கு வெள்ளம் வருவதை ஆறு மணி நேரம் முன்பே சொல்லும் கருவிகள் அவளுடைய திட்டம். அடுத்த மழைக்குள் அவற்றைப் பொருத்தியே ஆகவேண்டும்.

பதிவாளர் மளமளவென்று வாசித்தார். "ஆட்சேபணை உண்டா? இல்லை. ஏற்கப்பட்டது!" கைதட்டல். அடுத்தது.

மூன்றாவதாக வந்தது சரித்திரத் துறையின் ஆவணக் காப்பகம். அதுவும் ஏற்கப்பட்டது. அவளும் ஓங்கிக் கைதட்டினாள்.

பத்துத் திட்டம் தாண்டியும் 'ஆட்சேபணை' வாயைத் திறக்கவில்லை. கெஞ்சியது வீண்போகவில்லை! அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"பதினொன்று. வெள்ள முன்னறிவிப்பு. ஆட்சேபணை உண்டா?"

"உண்டு!" எழுந்தே விட்டார். "இது இவ்வளவு அவசரமா வேணுமான்னு துறைத்தலைவி விளக்கட்டும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்துக்கும் சும்மா இருந்துவிட்டு என்னுடையதற்கு மட்டும்தானா? எழுந்தாள். எழுதி வைத்திருந்த குறிப்பெல்லாம் மறந்தே போயிற்று.

"அவசரமாவா? போன மழையில எங்க ஆய்வகக் காவலாளி அவரோட அம்மாவை முதுகில தூக்கிக்கிட்டு, மார்பளவு தண்ணியில வந்தார் சார்! ஆறு மணி நேரம் முன்னாடி தெரிஞ்சிருந்தா அந்தம்மா நடந்தே வந்திருப்பாங்க. இதைவிட அவசரம் இந்தப் பட்டியல்ல எது? நீங்களே சொல்லுங்க!"

வாக்கெடுப்பு தொடங்கியது. பயத்தில் கண்களை இறுக்க மூடிக்கொண்டாள்.

"ஆதரவு பதினெட்டு. எதிர்ப்பு..." பதிவாளர் இன்னொரு முறை சுற்றிப் பார்த்தார். "யாருமில்லை!"

யாருமில்லையா? அப்படியானால் ஆட்சேபித்தவர்?

கூட்டம் கலைந்ததும் பதிவாளரைப் பிடித்தாள்.

"நீங்க புதுசு, தெரியாது மேடம். மத்தவங்களும் விதிப் புத்தகத்தைப் பிரிச்சுப் பார்த்தா தானே! ஆட்சேபணை இல்லாம ஏத்துக்கிட்டதெல்லாம் நேரா அந்த இரும்பு அலமாரிக்குப் போய் அடுத்த ஐந்தாண்டுத் திட்டம் வரைக்கும் தூங்கும். ஓட்டெடுப்பில ஜெயிச்சதுக்குத்தான் தேதி போட்டு வேலையை ஆரம்பிச்சாகணும். ஒரு கூட்டத்தில ஒருத்தருக்கு ஒரே ஒரு ஆட்சேபணைதான்."

அவள் வராந்தாவில் ஓடிப்போய்ப் பேராசிரியரை மறித்தாள். மூச்சு வாங்கியது, கண்ணும் கலங்கியது.

"சார்! அந்த ஒண்ணை உங்க காப்பகத்துக்கே சொல்லியிருக்கலாமே!"

அவர் மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்துக்கொண்டார்.

"என் பத்திரமெல்லாம் முந்நூறு வருஷம் காத்திருந்தாச்சு, இன்னும் அஞ்சு வருஷம் காத்திருக்கும்மா. மழை காத்திருக்குமா?"