ஏழு பாட்டன்கள்

"வரேன்னு எழுதிட்டா! பாருங்க, உங்க பொண்ணோட லட்சணத்தை!"

ஜிபார் கைப்பேசியைக் கணவன் தோக்தோபெக்கின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

'சரி மீரிம். மூணு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வரேன். அம்மாகிட்ட சொல்லல' என்று இருந்தது. அனுப்பியவள் அவர்களுடைய பன்னிரண்டு வயது மகள் பெகாயிம்.

மீரிம் என்று ஒருத்தி கிடையாது. நான்கு நாட்களாக அந்தப் பெயரில் மகளிடம் பேசி வந்தவள் ஜிபார்தான்.

பெகாயிமுக்குத் தலைநகர் பிஷ்கெக்கில் கணிதப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. விடுதி வாசம், கையில் சொந்தக் கைப்பேசி. முகம் தெரியாதவர்களிடம் ஏமாறாமல் இருப்பாளா என்று சோதித்துப் பார்க்காமல் அனுப்புவதில்லை என்று ஜிபார் ஒற்றைக் காலில் நின்றாள். நாளைக்குள் பள்ளிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது நாரின் பஸ் ஸ்டாண்டில், தோக்தோபெக் ஓட்டும் வேனுக்குள் இருவரும் காத்திருந்தார்கள். கண்ணாடியில் பனி படிந்திருந்தது.

"எடுத்த எடுப்புல நம்பிட்டாளா?"

"இல்ல, உஷாராத்தான் ஆரம்பிச்சா. ஓஷ்ல இருக்கற தூரத்துச் சொந்தம்னு சொன்னேன். 'அப்படின்னா உன் ஏழு பாட்டன் பேரைச் சொல்லு'ன்னு கேட்டா."

தோக்தோபெக் மீசைக்குள் சிரித்தான். நடக்கப் பழகும்போதே ஏழு தலைமுறைப் பெயரையும் பழகிவிடுகிற ஊர் அது.

"பதினஞ்சு வருஷத்துல எங்க அப்பா பேரை நீ ஒரு தடவை சொல்லிக் கேட்டதில்லையே!"

"மாமனார் பேரையா? நாக்கு அழுகிடும்! அதெல்லாம் சமாளிச்சேன். ஏழையும் மளமளன்னு எழுதி அனுப்பினேன். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி கொட்டிட்டா. எந்தத் தெரு, எந்த ஸ்கூல், வீட்டுச் சாவியை எங்க வைப்போம்கறது வரைக்கும்!"

"என் பொண்ணு வர மாட்டா."

"வந்தா பிஷ்கெக் கிடையாது. கணக்கை இங்கேயே உக்காந்து போடட்டும்."

மணி மூன்று. பனிக்குள்ளிருந்து ஒரு சிவப்புத் தொப்பி வெளிப்பட்டது.

தோக்தோபெக்கின் முகம் தொங்கிப்போயிற்று. ஜெயித்துவிட்ட ஜிபாருக்கோ கண்ணில் நீர் முட்டியது.

"நானா இருந்ததால சரியாப் போச்சு. வேற எவனாவது இருந்திருந்தா?"

கடிகாரத்துக்குக் கீழே உள்ள பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாக மீரிம் சொல்லியிருந்தாள். பெகாயிம் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக வேனுக்கு வந்து கதவை இழுத்துத் திறந்தாள். கையில் ஒரு பிளாஸ்க், மூன்று கோப்பைகள்.

"கையுறையை மேஜை மேலயே மறந்துட்டு வந்துட்டீங்கம்மா. இந்தாங்க."

ஜிபார் கையுறையை வாங்கிக்கொண்டாள்.

"நான்தான்னு... எப்படி... எப்ப தெரியும் உனக்கு?"

"முதல் நாளே. அதனாலதான் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன். போன மாசம் ஒருத்தன் இப்படித்தான் சொந்தம்னு சொல்லிட்டு வந்தான். ஏழு பேரைக் கேட்டேன். ஒண்ணுகூட வரல. உடனே டீச்சர்கிட்ட காட்டி, பிளாக் பண்ணிட்டேன்."

கீழே தரையில் நின்ற சிறுமியை, வேனுக்குள் உயரத்தில் இருந்த இருவரும் மலையைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"ஆனா நான்தான் ஏழு பேரையும் எழுதினேனேடி!" என்றாள் ஜிபார்.

"எங்க எழுதினீங்க? 'பெரியவர், மூத்தவர், வெள்ளைத்தாடிக்காரர்'னுல்ல இருந்துச்சு!" பெகாயிம் தேநீரை ஊற்றிக்கொண்டே சிரித்தாள். "பாட்டன் பேரை எழுதக் கை நடுங்கறது நம்ம ஊர்ல மருமகளுக்கு மட்டும்தானேம்மா?"