பதினைந்து எழுத்துக்குள் ஒரு பெயர்

“சேர், பதினைஞ்சு எழுத்துக்கு மேல பேர் வைக்க ஏலாதாம்.”

கணினி திருத்தும் றிஷானா இப்படிச் சொன்னதும், கடையில் இருந்த ஒரே கதிரையில் தங்கரத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வாங்கிய புதுக் கணினி, வேலையைத் தொடங்குமுன் தனக்கொரு பெயர் கேட்டபடி மேசையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பழையது விலா திறந்து கிடந்தது. அதன் மூடியில் யாரோ வெள்ளைப் பெயின்ற்றில் ஓர் இலக்கம் எழுதி, யாரோ அதைப் பாதி சுரண்டியிருந்தார்கள்.

“நான் சொன்னதை அப்பிடியே அடிச்சனீரே?”

“அடிச்சன் சேர். ‘தேசகீர்த்தி சாம’வோட நிண்டிட்டுது.”

“அது பதினைஞ்சு எழுத்தோ?”

“கொம்பு, கால், புள்ளி எல்லாத்தையும் இது தனித்தனியா எண்ணுது சேர்.”

தேசகீர்த்தி, சாமஸ்ரீ, இலக்கியச் செம்மல். ஓய்வு பெற்றபின் வருடத்துக்கு ஒன்றாகச் சேர்த்த பட்டங்கள். மாலையும் பொன்னாடையும் போட்டு வாங்கியவற்றில் ஒன்றரைதான் உள்ளே போயிற்று. தங்கரத்தினத்துக்கு இடமே கிடைக்கவில்லை.

“அப்ப பழைய பேரையே போடும் பிள்ளை. சோமண்ணை.”

“அது ஆர் சேர்?”

“இந்தா கிடக்கிறார்” என்று பழைய கணினியைக் காட்டினார்.

றிஷானா அடித்துப் பார்த்தாள். “வடிவாப் பொருந்துது. இன்னும் எட்டு எழுத்துக்கு இடமும் கிடக்கு. ஏதும் பட்டம் போடட்டே?”

“வேண்டாம். அந்த மனுசனுக்குப் பட்டம் ஒண்டும் இல்லை.”

சொன்னவருடைய குரல் சற்றுத் தணிந்தது.

“துறைமுகத்தடிக் கந்தோரில நான் பெரிய ஆளா இருக்கேக்க எனக்கு லிகிதரா இருந்தவர், சோமசுந்தரம். எல்லாரும் போன பிறகும் அவற்றை மேசையில மட்டும் லைற் எரியும். கீபோட்டில ஒரே தட்டுத்தான். ‘என்ன ஓய் தட்டுறீர்?’ எண்டு கேட்டா சிரிப்பார். சாம்பல்தீவு பஸ்ஸையும் விட்டுப்போட்டு சைக்கிளில போவார். பதினாலு வருசத்துக்கு முந்தி, பொங்கலண்டு விடிய, பால் பொங்க முதலே கண்ணை மூடிட்டார். அந்தக் கிழமையே இந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டு வந்து அவற்றை பேரை வைச்சன்.”

ஒரு மணி நேரமாக அதட்டல் கேட்டுக்கொண்டிருந்த றிஷானாவுக்கு முதல் தடவையாக அவரைப் பிடித்தது.

“பிறகு?”

“காலமை ‘சோமண்ணை, எழும்புங்கோ’ எண்டுதான் சுவிச்சைப் போடுவன். அவரைப் போலவே ரெண்டுதரம் இருமிப்போட்டுத் தொடங்குவார். மனுசி கனடாவில இருக்கிற மகளோட கதைச்சுக் கதைச்சு அழுததெல்லாம் இவருக்கு முன்னாலதான். பேரப்பிள்ளை முதல் சிரிப்பைக் காட்டினதும் இவர்தான். ஒரு நாள் லீவு கேட்டதில்லை. ஒரு நாள் எதிர்த்துக் கதைச்சதில்லை.”

“பெட்டியோ, லிகிதரோ சேர்?”

“ரெண்டு பேரும்தான்.”

தங்கரத்தினத்தின் கண் உண்மையாகவே கலங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவர், சட்டென்று பட்டங்களின் குரலுக்குத் திரும்பினார்.

“அதை விடும். புத்தகம் தப்புமே? ‘துறைமுகமும் நானும்’. முந்நூறு பக்கம். நாளைக்குக் காலமை அச்சகத்தில குடுக்கவேணும். அழைப்பிதழ் அடிச்சாச்சு, நாதஸ்வரத்துக்கும் சொல்லியாச்சு.”

“வேற எங்கயும் பிரதி எடுத்து வைக்கேல்லையோ?”

“இல்லை. எல்லாம் இவற்றை வயித்துக்கதான்.”

“இவ்வளவு காலமா நீங்கள் இருந்து எழுதினதை இப்பிடியோ சேர் வைச்சிருக்கிறது?”

“நான் முன்னால இருந்தது மட்டும்தான் பிள்ளை. எழுதினது முழுக்க இவர்தான்.”

றிஷானா சிரித்தாள். “இத்தனை பட்டம் வாங்கியும் உங்களுக்குத் தலைக்கனம் இல்லை சேர்.”

அதை அவர் மறுக்கவில்லை.

பழைய கணினியின் வட்டு கடகடவென்று கத்தியது. நின்றது. மறுபடி கத்தியது. திரையில் பச்சைக் கோடு ஒன்று நகரத் தொடங்கியது. பாதியில் அது அசையாமல் நின்றபோது, தங்கரத்தினம் எழுந்து கோணேசர் மலைப் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

“சோமண்ணை, இந்த ஒரு உதவி. இதோட உங்களை நான் கரைச்சல்படுத்தன்.”

பழைய பெட்டி இரண்டுதரம் இருமியது. கோடு நகர்ந்து கரை சேர்ந்தது.

“வந்திட்டுது சேர்!”

“முழுக்கவோ? திறந்து வாசிக்காதையும், வெளியீட்டுக்கு முதல் ஒருத்தரும் வாசிக்கக் கூடாது. ஆனா ஒரு எழுத்தும் மாறேல்லையே எண்டு மட்டும் பார்த்துச் சொல்லும்.”

வாசிக்காமல் பார்க்க ஒரு வழி றிஷானாவுக்குத் தெரியும். கோப்பின் விவரங்களை மட்டும் திறந்தாள். இரண்டே வரிகள்.

எழுதியவர்: சோமசுந்தரம். கடைசியாகத் திருத்திய நாள்: பதினான்கு வருடங்களுக்கு முந்திய பொங்கலுக்கு முதல் நாள், மாலை ஆறு பத்து.

அவள் அந்த இரண்டு வரிகளையும் இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு, மூடியில் பாதி சுரண்டிக் கிடந்த கந்தோர் இலக்கத்தைப் பார்த்தாள்.

“என்ன பிள்ளை, எங்க பார்க்கிறீர்? மாறியிருக்கோ?”

“இல்லை சேர்” என்றாள் றிஷானா. “பதினாலு வருசமா ஒரு எழுத்தும் மாறேல்லை.”